பொள்ளாச்சி பஸ்ஸில் கிளம்பிய புகை

முப்பதுகளில், வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. கோயம்புத்தூர்க் கடைவீதியில் ஒரு சாயங்காலம் குண்டு வெடித்துச் சில உயிர்கள் போய்விட்டன. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அதற்கு முந்தின நாள் அதே இடத்தில் நின்று, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கனகாம்பரத்துக்குப் பேரம் பேசியிருந்தேன். 

அதற்கப்புறம் ஊரில் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை இல்லை. பால்காரர் போசிப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால்கூட, "ஏனுங்க, இது உங்குளுதுங்களா?" என்று பின்னாலேயே ஓடுவோம். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், தெருவே வெளியே வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க. இனி இந்த ஊர்ப்பக்கமே வரமாட்டேன். நீங்களும் வேலையை உட்டுப்போட்டு வந்துருங்க." மனுஷன் பெட்டியை மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதில் வேறு எனக்குக் கோபம்.

உக்கடத்தில் குளத்துப் பக்கம் பொள்ளாச்சி பஸ் நின்றது. ஊரைக் காலி செய்கிற கூட்டம் முண்டியடித்தது. எப்படியோ ஏறி, சன்னலோரமாக ஒரு இடத்தைக் கண்டுபிடித்தால், அதே இடத்தில் இன்னொரு அம்மாவும் கை வைத்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல வாட்டசாட்டம். "நானுங்க மொதல்ல வந்தது" என்றேன். "சித்தெ அக்கட்டால நவுருங்க அம்மணி, எனக்கு மயக்கம் வருமுங்க" என்றார். எங்கள் ஊர்ச் சண்டையில்கூட 'ங்க' போகாது. அந்தத் தள்ளுமுள்ளில் என் கையிலிருந்த கூஜா கவிழ்ந்து, தண்ணீர் அத்தனையும் சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக ஓடிப்போனது.

வழியில் குழந்தைக்குத் தண்ணீர் வேண்டுமே. இறங்கிப் பிடித்துவரலாம் என்றால் இடம் போய்விடும். எல்லோரும் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். என்னிடம் துண்டு இல்லை. தூங்கிக்கொண்டிருந்த என் மகளைச் சன்னலோரத்தில் படுக்கவைத்தேன். பச்சைப்பிள்ளையை யார் தள்ளுவார்கள் என்று அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினேன்.

குழாயடியில் பாதிக் கூஜா நிறைந்திருக்கும். பஸ்ஸுக்குள் புஸ்ஸென்று சத்தம். அப்புறம் படபடவென்று எதுவோ வெடிக்கிற மாதிரி. பின்சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. "குண்டு, குண்டு" என்று ஒரே கூச்சல். வாசலிலும் சன்னலிலும் ஆட்கள் குதிக்கிறார்கள். கூஜாவைப் போட்டுவிட்டு ஓடினேன், என்னால் முன்னே போகவே முடியவில்லை. எதிரே வந்த கூட்டம் என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தது. யாரோ ஒருவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். "என்ற கொழந்தெ உள்ள இருக்குதுங்க" என்று நான் கத்தின கத்தல் இன்றைக்கும் என் காதிலேயே கேட்கிறது.

அந்த அம்மா ஏற்கெனவே இறங்கி, வெகுதூரம் போய்விட்டிருந்தார். என் குரல் கேட்டுத் திரும்பினார். குழந்தை இல்லாத என் கையைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் புகைக்குள் ஏறிவிட்டார்.

எவ்வளவு நேரம் ஆனதோ, எனக்கு உயிரே இல்லை. வெளியே வந்தபோது என் மகள் அவர் மாரோடு ஒட்டிக்கொண்டு வீரிட்டு அழுதாள். அவருடைய இரண்டு பாதமும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அப்போதுதான் எதிர்க்கடையில் வெற்றிலை வாங்கப் போயிருந்த ஒரு பெரியவர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, அது என்ற சுண்ணாம்புங்க. ஊட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கிக் கல்லு கல்லா மூட்டை கட்டி வெச்சனுங்க." என் கூஜாத் தண்ணீர் பட்டு அத்தனையும் வெந்து கொதித்திருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் சிரிக்க, அப்புறம் எல்லோருக்கும் சிரிப்பு. குண்டு வெடித்த நாளிலிருந்து சிரிப்பை மறந்திருந்த ஊர் அது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன்.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு என்று காதில் விழுந்த பிறகுதான் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கொழந்தெய வெச்சு எடம் புடிப்பாங்களா அம்மணி?" என்று என்னை நன்றாகத் திட்டினார். திட்டட்டும் என்று குனிந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துச் சுண்ணாம்பைத் துடைத்தேன். கொப்புளம் கிளம்பியிருந்தது. கடைக்காரர் தேங்காயெண்ணெய் கொடுத்தார், தடவிவிட்டேன்.

"குண்டுன்னு நெனைச்சும் எப்படீங்க உள்ள போனீங்க?" என்று கேட்டேன்.

"பயந்துக்கிட்டேதான் கண்ணு போனேன். நீ கத்துனதக் கேட்டுப்போட்டு எப்படி நிக்கறது?" என்றார். அவ்வளவு நேரம் 'ங்க' போட்டவர், அப்போதுதான் 'நீ' என்றார். எனக்கு அது பெற்றவள் பேசுவது போல இருந்தது.

பஸ்ஸைக் கழுவிவிட்டுக் கிளப்பினார்கள். அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். கண்டக்டர் என்னைக் கூப்பிட்டார், நான் ஏறவில்லை. பெட்டியை இறக்கச் சொல்லி, ஒரு ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்கே திரும்பினேன். மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலில் என்னைப் பார்த்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் எங்கேயும் போகவில்லை, இந்த ஊரிலேயே இருந்துவிட்டேன். எங்காவது குண்டு என்று செய்தி கேட்டால் எனக்கு இன்றும் பயம்தான். ஆனால் குண்டு வெடித்த ஊரில் யாரை நம்பி இருப்பது என்று யாராவது கேட்டால், முந்தின நிமிஷம்வரை தன்னோடு மல்லுக்கு நின்றவரைக்கூட நம்பலாம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.