கதிரை இழுபடும் மத்தியானங்கள்

புலம்பெயர்ந்த நாட்டின் டண்டினொங் புறநகரில் நான் சட்டி கழுவிய உணவகம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் இருந்தது. கீழே கடை, மேலே பூட்டிய மண்டபம். சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் ஓர் அறையில் படுக்க இடம் தந்தார்கள். பள்ளியைப் பாதியில் விட்டு, திராட்சை பறித்து, கோழி ஆலையில் நின்று, யார் யாருடைய கராஜிலோ படுத்து வந்தவனுக்கு அது போதும்.

மத்தியானக் கூட்டம் போய்க் குசினி ஓய்ந்ததும் மேலே கதிரை இழுபடும்; உட்கார இழுத்துப்போடும்போது கால்கள் தரையில் உராய்கிற சத்தம். ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. முதல் தடவை சாவி வாங்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். கதிரைகள் சுவரோரம் அடுக்கியபடியே இருந்தன. தரையின் தூசியில் என் கால் அடையாளம் மட்டும்தான்.

சமையல்கார அக்கா மேலே ஏறவே மாட்டார். அவருடைய கணவர் போர் முடிந்த நாட்களில் படையினரிடம் சரணடைந்தவர். பஸ்ஸில் ஏற்றியதை அக்கா கண்டார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, திவசம் கொடுக்கவில்லை. வருடப்பிறப்புக்குக் கணவருக்கும் உடுத்த ஒரு சேட் வாங்கி வைப்பார். மேலே நடமாடுவது யார் என்பது எனக்கும் முதலாளிக்கும் வேடிக்கை. அக்காவுக்கு அப்படியல்ல. பேயாக வருகிறவர் செத்திருக்க வேண்டுமே.

பக்கத்தில் சாவி வெட்டும் கிரேக்கக் கிழவருக்கு வடை கொண்டுபோய்க் கொடுத்து, அரைகுறை ஆங்கிலத்தில் அக்கா விசாரித்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, அது முந்தி இந்தக் கடை வச்சிருந்த கிரேக்க ஆள். மகளின்ர கலியாணத்துக்கு மேல கதிரை போடேக்க நெஞ்சு நோ வந்து விழுந்தவராம். பிறகு சீனாக்காரர் கடை நடத்தேக்கையும் இழுபட்டதாம். இந்தக் கட்டடத்தின்ர ஆள்தான்."

"பேய் போகத் தேசிக்காய் வெட்டிக் கழிப்பமோ?" என்றார் முதலாளி.

"அண்ணை, அந்தாள் தேசிக்காயை மீனுக்குப் பிழிஞ்சு சாப்பிட்டிருக்கும். பயப்பிடுமே?" என்றார் அக்கா.

"அப்ப படைப்பம். எல்லாரும் தங்கட செத்த ஆக்களையும் நினைச்சுக் கும்பிடுங்கோ."

அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "அந்தாளுக்கு மட்டுமெண்டால் சமைக்கிறன். வேற ஒருத்தருக்கும் இல்லை."

"சரி தாயே, சரி."

மீனைப் பொரித்து, ஒலிவ் எண்ணெய் விட்டு, வாழையிலையில் வைத்து நானும் முதலாளியும் மேலே கொண்டுபோனோம். அடுத்த நாளும் கதிரை இழுபட்டது.

"அக்காவின்ர கைருசி பிடிச்சிட்டுது. இனிப் போகான்," என்றார் முதலாளி. அக்காவும் சிரித்தார். முதலாளி முன்பக்கம் போனதும், வெங்காயம் வெட்டியபடியே என்னிடம் சொன்னார்: "என்ர மனுசன் கதிரையை இழுக்கமாட்டார், தம்பி. தூக்கித்தான் வைப்பார். நான் இழுத்தாலும் நிலம் கீறுப்படுமெண்டு ஏச்சு விழும்."

அவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தில் அக்கா எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குளிர்காலத்தில் ஒரு மழை மத்தியானம். குசினியில் அக்காவும் நானும்தான். கதிரை இழுபடும் நேரம் வந்தது, இழுபடவில்லை. மழை மட்டும் கேட்டது. பிறகு, எங்கள் தலைக்கு நேர்மேலே, நாலு காலும் ஒன்றாக நிலத்தில் படிகிற மெல்லிய சத்தம். ஒரு கதிரையைத் தூக்கி, பக்குவமாக வைத்ததுபோல.

அக்காவின் கத்தி நின்றது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய், அடுப்புக்கு மேலிருந்த புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் போட்டார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"தம்பி, அந்தச் சட்டியளைக் கழுவும்."

"எல்லாம் கழுவிட்டனக்கா."

"திருப்பிக் கழுவும். சத்தமாக் கழுவும்."

குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, சட்டிகளை ஒன்றோடொன்று முட்டவிட்டுக் கழுவத் தொடங்கினேன். பின்னேரக் கூட்டம் வரும்வரை அவர் நிறுத்தச் சொல்லவில்லை.