மண்சரிவுக்கு எத்தனை மார்க்?

போன செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு எங்கள் எஸ்டேட் ஆபீஸில் ஒரு மீட்டிங். இரண்டு இடங்களில் மண் சரிகிறது. ஒன்று, பிரிஞ்சாங் ரோட்டோரம், சுற்றுப்பயணிகள் உட்காரும் டீக்கடைக்குக் கீழே. மற்றது, தொழிலாளர்கள் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால். இந்த வருடம் ஒரு தடுப்புச் சுவர்தான் கட்ட முடியும். எங்கே கட்டுவது?

இதைச் சொல்ல கோலாலம்பூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்திருந்தார் — லேப்டாப்போடு. பாதுகாப்பு, செலவு, எழுத்தில் வந்த புகார், எஸ்டேட்டின் தோற்றம் என்று நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை, மொத்தம் நூறு. எடையை முடிவு செய்தது யார்? அவரேதான். எதை வைத்து? அதை மட்டும் கேட்கக் கூடாது போலிருக்கிறது.

பாதுகாப்புக்கு இருபது. புகாருக்கு முப்பது. மற்ற இரண்டுக்கும் இருபத்தைந்து, இருபத்தைந்து. டீக்கடைப் பக்கத்துச் சரிவைப் பற்றிப் பதினான்கு புகார்கள் எழுத்தில் இருந்தன. லயத்திலிருந்து... பூஜ்யம்.

பூஜ்யமாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் எந்தக் காலத்தில் புகார் எழுதினார்கள்? காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, கங்காணியிடம் வாயால் சொல்வார்கள். அதோடு சரி. ஐந்தாம் வீட்டுச் சரோஜா அப்படி ஆறு முறை சொன்னதை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் தேதி போட்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அவருடைய சமையலறைச் சுவரில் மண் வந்து முட்டி, விரிசலும் விட்டுவிட்டது. டைரியை நீட்டினேன். சொந்த டைரி கணக்கில் வராதாம். டீக்கடை ஜெயித்தது.

சாயங்காலம் சரோஜாவிடம் விவரத்தைச் சொன்னேன். நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார். வியாழக்கிழமை காலை என் மேசையில் இருபத்து மூன்று கடிதங்கள், வீட்டுக்கு ஒன்றாக. எண்ணி, முத்திரை குத்தி, ஆலோசகருக்கு அனுப்பி வைத்தேன். கொஞ்சம் திமிராகவே.

வெள்ளிக்கிழமை புதிய அட்டவணை வந்தது. மறுபடியும் டீக்கடைதான். புகாருக்கு முப்பது போய் ஐந்து. கழித்த இருபத்தைந்தும் பாதுகாப்புக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? தோற்றத்துக்குப் போயிருந்தது. பாதுகாப்புக்கு அதே இருபது. மொத்தம் மட்டும் சரியாக நூறு!

ஆலோசகருக்குப் போன் செய்து கேட்டேன்.

"கொஞ்சம் ஃபைன் டியூன் பண்ணிருக்கோம், அவ்வளவுதான் அங்கிள்."

அதாவது, விடை முதலிலேயே தயார். அதற்குத் தோதாக எடையைக் கூட்டிக் குறைக்க வேண்டியதுதான். காய்கறிக்காரன் தராசில் விரலை அழுத்தினால் திருட்டு என்கிறோம். லேப்டாப்பில் அழுத்தினால்... ஆலோசனை.

முன்பு எஸ்டேட் மேனேஜர், அதாவது துரை, தன் இஷ்டத்துக்கு முடிவெடுப்பார். திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தார். இன்றைய துரை கையை விரிக்கிறார் — கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதாம்.

அட்டவணையைச் சரோஜாவிடம் அவர் சமையலறையில் வைத்துக் காட்டினேன். தோற்றம் என்றால் என்ன என்று கேட்டார். டூரிஸ்ட் கண்ணில் படுவது என்றேன். விரிசலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நம்ம ஊட்டுப் பின்னால, இங்க செல்ஃபி எடுக்கலாம்னு ஒரு போர்டு வச்சிரலாம் லா, கிராணி. டூரிஸ்ட்டு தலையில மண்ணு உளுந்தாத்தான் சொவரு வரும்."

பலகை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.