மரப்படிக்கு அடியில் முளைப்பாரி

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் தோட்டப் பாடத்துக்கென்று ஓர் அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே பிளாஸ்டிக் மண்வெட்டி, குட்டிப் பூவாளி, காகிதப் பையில் விதை எல்லாம் தயாராக இருக்கும். பிள்ளைகள் வரிசையாக வந்து விதையை ஊன்றுவார்கள், போட்டோ எடுப்பார்கள், உடனே கை கழுவப் போய்விடுவார்கள். மண் ஒட்டுவதற்குள் சோப்பு வந்துவிடுகிறது. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோட்டையூர் ஞாபகம் வந்துவிடும்.

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மழலையர் பள்ளி, கோட்டையூரில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு நடந்தது. பழசெல்லாம் தங்கம் என்று சொல்கிற ஆளில்லை நான். மழை பெய்தால் வகுப்புக்குள் வாளி வைக்க வேண்டும். கழிப்பறைக்குப் போனால் கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பின்னால் ஒரு கிணறும் கொய்யா மரமும் பிள்ளைகள் ஆசை தீர அளைவதற்குச் செம்மண்ணும் இருந்தன. நான்கு வயசுப் பிள்ளைக்கு அதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

அந்த வருஷம் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். செடி வளர்க்க வைத்தே எண், நிறம், அளவு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நானும் தலைகால் புரியாத உற்சாகத்தோடு திரும்பி வந்தேன். தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு விதைக்க வேண்டும், கிணற்றுச் சுவர்மேல் வெயிலில் வைக்க வேண்டும், தினம் ஐஸ் குச்சியால் உயரம் அளக்க வேண்டும், இலையை எண்ண வேண்டும், 'பச்சை' என்று சேர்ந்து சொல்ல வேண்டும். இதுதான் என் திட்டம். விதையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். வந்ததும் எல்லாரும் விதைத்துச் சுவர்மேல் வரிசையாக வைத்தோம்.

மறுநாள் காலை சுவர்மேல் ஒரு சிரட்டையைக்கூடக் காணோம். தேடினால் மாடிக்குப் போகும் மரப்படிக்கு அடியில், இருட்டில், எல்லாச் சிரட்டைகளும் கூடைகளால் மூடப்பட்டிருந்தன. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "யாரு இதை இங்க கொண்டாந்தது?" என்று கத்தினேன். ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சத்தம் போடாதீக டீச்சர். மொளைப்பாரி மொளைக்காது. செருப்பக் கழத்திட்டு வாங்க."

புரட்டாசியில் அம்மன் கோவில் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கு முன்னால் பெண்கள் மண்சட்டியில் தானியம் விதைத்து, இருட்டறையில் மூடி வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். சாயங்காலமானால் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் தலையில் சுமந்து கோவிலுக்குக் கொண்டுபோய், பிறகு ஊருணியில் கரைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அம்மா இடுப்பில் இருந்தபடி பார்த்த பிள்ளைகளுக்கு, மண்ணில் விதை போட்டால் அது முளைப்பாரிதான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பயிற்சியில் இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.

சில நாளில் முளை விட்டது. இருட்டில் வளர்ந்ததால் எல்லாம் வெளிர் மஞ்சள். என் 'பச்சை' பாடம் 'மஞ்சள்' பாடமானது. பிள்ளைகள் கும்மி கொட்டிக்கொண்டே எண்ணினார்கள். அதில் ஏழுக்குப் பிறகு நேராகப் பத்து வந்துவிடும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரே ஒரு சிரட்டையில் மட்டும் வெறும் மண். அது தச்சு வேலை செய்கிறவரின் மகளுடையது. அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். துணைக்கு அம்மாச்சி போயிருந்ததால் வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அவர்தான் தலை பின்னிவிட்டு பைக்கில் கொண்டுவந்து விடுவார். தலைமுடிகூட நுழையாதபடி பலகையோடு பலகையைப் பொருத்துகிற மனிதருக்கு இந்த இரட்டைப் பின்னல் மட்டும் வசப்படவே இல்லை. ஒன்று காதுக்கு மேலே நிற்கும், இன்னொன்று தோளில் கிடக்கும்.

அந்தப் பிள்ளை படிக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கும். கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடாது. "என்னடா செல்லம்?" என்று கேட்டால் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடும். ஒருநாள் பக்கத்தில் இருந்த பயல், ஏதோ மழை வருகிறது என்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னான்.

"இவ அம்மா செத்துப் போயிருவாகளாம் டீச்சர். மொளைக்கலையாம்ல."

நானும் படிக்கு அடியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டதில் தெரிந்தது. முளைப்பாரி சரியாக வராத வீட்டுக்கு நல்லதில்லை என்று திருவிழாவின்போது பக்கத்து வீட்டு அத்தை யாரிடமோ சொல்லியிருக்கிறார். இவள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த அத்தை மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

"இது மொளைப்பாரியே இல்லம்மா. சும்மா பாடம்" என்றேன்.

அவள் என் கால்களைப் பார்த்தாள். "பெறகு ஏன் டீச்சர் செருப்பக் கழத்துனீக?"

பேச்சை மாற்ற, அவளுடைய சாப்பாட்டை எடுக்கப் பையைத் திறந்தேன்.

விதை கொண்டுவந்த காகிதப் பொட்டலம் அதில் இன்னும் கிடந்தது. மீதமிருந்த பாசிப்பயற்றில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மொறுமொறுவென்று உடைந்து வாசனையாக இருந்தது. வறுத்த பயறு. அது எந்தக் காலத்திலும் முளைக்கப் போவதில்லை.

சாயங்காலம் அவளுடைய அப்பா வந்ததும், பிள்ளையைக் கொய்யா மரத்துப் பக்கம் விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டேன். "அண்ணே, இந்தப் பயற எதுல இருந்து எடுத்தீக?"

"அடுப்பு மேடையில ஒரு தூக்குல இருந்துச்சு டீச்சர். பயறுதானே அது?"

"வறுத்ததுண்ணே."

அவர் பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குக் கெளம்புறதுக்கு மொத நா அவ வறுத்துக்கிட்டுத்தான் இருந்தா. புள்ளைக்கு மாவுருண்டை புடிச்சு வச்சிட்டுப் போறேன்னு. திரிக்கப் போறதுக்குள்ள வலி வந்திருச்சு."

"இப்ப எப்படி இருக்காக?"

"காய்ச்சல் விட மாட்டேங்குது டீச்சர். டாக்டர் ஒண்ணும் தெளிவாச் சொல்ல மாட்டேங்குறாரு."

அவர் போனபிறகும் நான் படிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பிள்ளையின் பயத்தை எப்படிப் போக்குவது? அதே பயம் இப்போது எனக்கும் வந்துவிட்டது. விதை வறுபட்டது என்று தெரிந்தபிறகும் அந்த வெறும் சிரட்டையைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. படித்தவள் என்று வெளியில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

நடுவில் மழைக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். பள்ளி திறந்த அன்றைக்கு, அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை என்று அப்பா சொன்னார். ஆனால் 'பரவாயில்லை' என்று அவளிடம் எல்லோரும் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தச் சொல்லை அவள் காதில் வாங்கவே இல்லை. வறுத்த பயறு முளைக்காது என்று நான் விளக்கியதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அம்மா வர மாட்டாகளா?" என்றாள்.

திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் முளைப்பாரிக்கு வீடு வீடாகப் போய்த் தானியம் வாங்குவார்கள். எல்லா வீட்டுத் தானியமும் ஒன்றாகக் கலந்துதான் விதைப்பார்கள். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லிவிட்டு, மறுநாள் அவள் கையில் தானியம் வாங்க ஒரு சுளகைக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் போய் நின்றாள். தட்டப்பயறு வந்தது, மொச்சை வந்தது, கம்பும் நெல்லும் வந்தன. விதை கொண்டுவர மறந்த ஒருவன் பிஸ்கட்டில் பாதியைப் பிய்த்துப் போட்டான். நான் எங்கள் வயல் உளுந்தைப் போட்டேன். பிஸ்கட்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதையெல்லாம் ஓர் அகன்ற சட்டியில் விதைத்தோம். அவளே தண்ணீர் தெளித்தாள். அவளே கூடையால் மூடினாள். அன்றைக்கு நானும் சேலையைச் செருகிக்கொண்டு கும்மி கொட்டினேன். இது நன்றாக முளைத்துவிட வேண்டும் என்று வெட்கமில்லாமல் அம்மனிடம் கேட்கவும் செய்தேன்.

அடுத்த நாளே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பின்வாசலில் பைக் வந்து நின்றது. பின்னால் அவளுடைய அம்மா. முகம் பாதியாகிவிட்டிருந்தது. ஒரு கை வயிற்றைத் தாங்கியிருக்க, மெதுவாக இறங்கி, நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். "மதுரையில இருந்து வீட்டுக்கு வந்து இறங்குன ஒடனே புள்ளையப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா" என்றார் அப்பா.

பிள்ளை ஓடிவரவில்லை. அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே மரப்படிக்கு அடியில் போனாள். மண்டியிட்டுக் கூடையைத் தூக்கினாள். சட்டியில் ஈர மண் மட்டும் இருந்தது. கூடையை மூடிவிட்டு வந்து, கைக்கெட்டாத தூரத்தில் நின்றாள்.

"இன்னும் மொளைக்கவே இல்லையேம்மா. நீ எப்படி வந்தே?"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பஸ்ஸுலதான் ஆத்தா வந்தேன்."

பிள்ளை யோசித்தாள். "சன்னல் சீட்டா?"

"ஆமா, சன்னல் சீட்டுதான்."

அவ்வளவுதான். போய் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கிணற்றடிக்குப் போய், வேண்டிய மட்டும் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் சட்டி நிறைய முளைத்து, கூடையையே மேலே தூக்கிவிட்டது. "வாடி, வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் சரிசமமான இரட்டைப் பின்னலோடு கொய்யா மரத்தடியில் மாவுருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

"நீங்களே பாருங்க டீச்சர்" என்றாள், திரும்பாமல்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன்.