கணக்கில் சேராத பறவை

பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை, மில்பிடாஸ் வீட்டில் எல்லோரும் பட்டுடுத்தி நிற்க, சித்தி மட்டும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் இன்ஜினீயர். மாதம் ஒருமுறை, சம்பளமில்லாமல், பசிபிக் கரையில் தனக்கென ஒதுக்கப்பட்ட பகுதியை நடந்து, கரையொதுங்கிய செத்த கடற்பறவைகளை எண்ணிவிட்டு வருவார்.

"நல்ல நாளும் அதுவுமா இதுக்கா போற?" என்றார் அம்மா.

"இந்த மாசம் மிஸ் பண்ணா சர்வேல ஓட்டை விழுந்துடும்க்கா. மத்தியானத்துக்குள்ள வந்துடுறேன்."

நான் கூடப் போனால் சித்தி நேரத்தோடு திரும்புவார் என்று அம்மா நினைத்தார். எனக்கோ பட்டுப்பாவாடை குத்தியது. எட்டு வயதில் அதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கரையில் சித்தி மணலைப் பார்த்தபடியே நடந்தார். செத்த பறவையைக் கண்டால் குனிந்து இறக்கையை அளப்பார். அடுத்த முறை அதையே மறுபடி எண்ணிவிடாதபடி காலில் ஒரு நூலைக் கட்டிவிட்டு நடப்பார். அந்தக் குளிர்காலத்தில் நிறையவே கிடந்தன. வலையில் சிக்கிச் செத்தவையா, இரையில்லாமல் செத்தவையா என்பது பல வருடக் கணக்கைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியுமாம். கடலில் எங்கே, எப்போது வலை போடலாம் என்று முடிவெடுப்பவர்கள் அதைத்தான் கேட்பார்களாம்.

பாறையருகே கிடந்த ஒன்று கண்ணைத் திறந்தது. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகக் குட்டிப் பென்குயின் போலிருந்தது.

"சித்தி, இட்ஸ் அலைவ்!"

சித்தி பறவை மருத்துவமனைக்கு போன் செய்தார். பிறகு அதை டவலில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, காரில் என் மடியில் கொடுத்தார். வளைகாப்பு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அம்மாவிடமிருந்து வந்த போனை அவர் எடுக்கவில்லை.

ஃப்ரீவேயில் பாதி வழியில் பெட்டிக்குள் அசைவு நின்றுபோனது.

நான் அழுது முடித்துவிட்டுக் கேட்டேன்: "கேன் வி கவுண்ட் திஸ் ஒன்?" அதற்கும் ஒரு நூலாவது கட்ட வேண்டும் போலிருந்தது.

"கூடாதுடா கண்ணா. பீச்ல நாம பாத்தப்போ அது உயிரோட இருந்துச்சு."

சித்திக்குக் கல் மனசு என்று முடிவு செய்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அடுத்த எக்ஸிட்டில் ஃப்ரீவேயை விட்டு வெளியேறி, ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாக நிறுத்தினார். பெட்ரோல் போட இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கார் ஏதோ மக்கர் பண்ணுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.