துரை வீட்டுச் சம்பந்தம்

தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன். காலையில் பெரட்டில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும்போது கங்காணி ஏதாவது சொன்னால் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் ஆட்டுவேன். இரண்டு பேருமே என்னைப் புத்திசாலி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளின் கடைசி வரை இப்படிச் சௌகரியமாக ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஒரு பெட்டை நாய் வந்து மாட்டிவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரிக்காரர் கொடுத்த குட்டி அது. முட்டைக்கோஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். என் மனைவி வேண்டிக் கேட்டு வாங்கியது. அவளுக்கு அப்போது காட்டை ஒட்டிய மேல்மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. அந்த வருஷம்தான் ஒரு காட்டுப்பன்றி செடிக்குள்ளிருந்து பாய்ந்து அவளைக் கூடையோடு உருட்டிவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு செடிக்கும் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் கை வைப்பாள். குட்டி நாலு மாதத்திலேயே அவளுக்கு முன்னால் ஓடி மோப்பம் பிடித்துக் குரைக்கப் பழகிக்கொண்டது. அவளும் பழையபடி இரண்டு கையாலும் கொழுந்து எடுக்க ஆரம்பித்தாள். நான் கணவனாக இருந்து தர முடியாத தைரியத்தை, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய அந்தப் பிராணி தந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

குட்டிக்கு ஆறு மாதம் ஆனபோதுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது. தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான் என்று துரை நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அதற்கு மேல் இருப்பதைத் துப்பாக்கிக்காரன் வந்து சுட்டுவிட்டுப் போவான்.

"இது குட்டி போட்டா அதுங்களச் சுடுறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? டவுனுக்கு மாட்டு டாக்டரம்மா வர்றாங்களாம். கொண்டுபோய்க் கேப்போம்" என்றாள் மனைவி.

தலையாட்டினேன்.

டாக்டரம்மா மாதத்துக்கு ஒரு நாள் டவுனுக்கு வருவார். மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு, நேரம் இருந்தால் நாய் பூனைகளையும் பார்ப்பார். சின்ன வயசுப் பெண். எனக்கோ எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

"டாக்டரம்மா, இதுக்கு வந்து... இனிமே வந்து... அந்த மாதிரி எதுவும்..." என்று இழுத்தேன்.

"கருப்பைய எடுக்கணும்ங்க. இன்னும் பருவத்துக்கு வரல. இப்பச் செய்யலாமா, அப்புறமா?" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. "முதல் தடவ பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடி செஞ்சிட்டா நல்லது. அடுத்த மாசம் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. பருவம் வந்துட்டா உடனே செய்ய முடியாது, ரத்தம் நிறையப் போகும். அதனால தள்ளிப் போடாதீங்க" என்று அவளிடமே சொன்னார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நான் கவாத்துக் கூட்டத்தில் வேலை செய்கிறவன். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோமே, அந்த வேலை. ஒரு நாள் முழுக்க ஒரே சரிவில் இருபது ஆண்கள் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தால் பேச விஷயம் வேண்டும். என் நாயின் கருப்பை அன்றைக்குக் கிடைத்தது.

கங்காணி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ எத்தன வருசமா கவாத்து வெட்டுற?"

"எட்டு வருசம் கங்காணி."

"நாத்து நட்ட உடனே யாராச்சும் இப்படி மொட்டையடிப்பாங்களா? செடி வளரணும். கொழுந்து எடுக்கணும். ஒரு சுத்து பலன் பாத்துட்டுத்தான் கத்தி வைக்கணும். இல்லன்னா தூரே செத்துப்போவும். நாய்க்கு மட்டும் வேற சட்டமா?"

"ஒரு ஈத்து ஈனட்டும்டா. அப்பத்தான் உடம்பு கெட்டிப்படும்" என்றார் இன்னொருவர்.

சரிவு முழுக்க ஆமோதித்தது. எனக்கும் அப்படியே மனசில் பதிந்துவிட்டது. நாயும் தேயிலைச் செடியும் வேறு வேறு என்று இருபது பேரில் ஒருவனுக்குக் கூடத் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவன் நான் ஒருவன்தான்.

அடுத்த மாதம் டாக்டர் வரும் நாள் காலையில் எனக்கு வயிற்றுவலி வந்தது. நல்ல வலி. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிற லோரி எங்கள் ரோட்டு முனையைத் தாண்டும் வரைக்கும் இருந்தது. தாண்டியதும் விட்டது. மனைவிக்கு அன்று லீவு கிடைக்காததால் நான் தனியாகக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. சாயங்காலம் வந்து கேட்டவளிடம் வலியைப் பற்றி விரிவாகச் சொன்னேன்.

"சரி, அடுத்த மாசம் போலாம்" என்றாள். என்னை நம்பினாள். அதுதான் பிறகு உறுத்தியது.

ஒரு வாரம் போவதற்குள் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

அப்புறம் எங்கள் வீடு கோட்டை ஆகிவிட்டது. நாயைப் பின்னால் இருந்த குளியலறையில் அடைத்தோம். நாங்கள் குளிப்பதற்குப் பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொண்டோம். மலைக் குளிரில் அது ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை, நான் குளிப்பதையே நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தில் இவ்வளவு ஆண் நாய்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. விடியும்போதே வாசலில் வரிசையாக வந்து உட்காரும். பெரட்டுக்குக் கூட ஆட்கள் அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, பேர் கூப்பிடலையா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இதையும் சமாளித்திருப்போம். எட்டு நாள் அடைத்துவைத்தோம். ஒன்பதாம் நாள் பார்த்தால் ரத்தம் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மனைவி பிரிஞ்சாங் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

எங்கள் மலையில் அந்தப் பருவத்தில் கொழுந்து சுத்து ஒன்பது நாள். ஒரு மலையில் எடுத்து முடித்தால் ஒன்பது நாள் கழித்துத்தான் மறுபடி அங்கே திரும்புவார்கள். பிறந்ததிலிருந்து ஒன்பதை எண்ணி வளர்ந்தவன் நான். ஒன்பது நாள் ஆகிவிட்டது, ரத்தமும் நின்றுவிட்டது, ஆக சுத்து முடிந்தது என்று கணக்குப் போட்டேன். அந்த மூளைக்கு இதைவிட நல்ல கணக்கு வராது. வாசலில் காத்திருந்தவர்களையும் அன்று காணோம். எங்கேயோ சண்டை போடப் போயிருந்தார்கள். கதவைத் திறந்து, "போம்மா, வெயில்ல கொஞ்சம் நில்லு" என்றேன்.

ரத்தம் நின்ற பிறகுதான் நாய்க்குச் சினை பிடிக்கிற வேளை ஆரம்பிக்கிறது என்பது பின்னால் டாக்டரம்மா சொல்லித் தெரிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துத் துரை வீட்டு லேண்ட்ரோவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றது. துரை இல்லை, டிரைவர் மட்டும். பின்னால் துரையின் அல்சேஷன். கன்றுக்குட்டி உயரம். பங்களாவில் அதற்குத் தனிச் சமையல். டிரைவர் என்னிடம் நெருப்புப்பெட்டி கேட்டார். நான் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அல்சேஷன் குதித்துவிட்டது.

ஒரு வாளித் தண்ணீரை இரண்டின் மேலும் ஊற்றினேன். பாதி என் கைலியில் விழுந்தது. டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உங்க நாயக் கூப்பிடுங்க."

"துரை நாயி தம்பி. இங்கிலீஷ்லதான் கேக்கும். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராதுலா."

மார்க்கெட்டிலிருந்து வந்த என் மனைவி வாசலில் நின்று நாயையும் என் கைலியையும் பார்த்தாள். சாமான் பையை இறக்கி வைத்தாள். நாயைத் துடைத்தாள். அந்தத் துண்டை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் லயத்தில் என் நிலைமை வேறு. மறுநாள் பெரட்டில் கங்காணி என் பேரைக் கூப்பிடவில்லை.

"சம்பந்தி வந்தாச்சா?" என்றார்.

அன்றிலிருந்து நான் துரை வீட்டுச் சம்பந்தி. கடையில் எனக்கு முதலில் தேத்தண்ணீர் வந்தது. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கிராணி, அதுவரை என்னைப் பெயர் சொல்லி அழைக்காதவர், "ஏம்ப்பா, ஒரு ஆண் குட்டி எனக்கு எடுத்து வை" என்றார். கங்காணிக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று.

"துரை நாய் ரத்தம். எந்தத் துப்பாக்கிக்காரன் சுடுவான், பாப்போம்" என்றார் கங்காணி.

நியாயமாகத்தான் பட்டது. கேட்டவருக்கெல்லாம் தலையாட்டினேன். பதினொரு குட்டி வரைக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தச் சின்ன வயிறு பதினொன்றுக்கு எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் எல்லோருக்கும் வேண்டியது ஒன்று இருந்தது.

அந்த மாதம் மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டதால் டாக்டரம்மா ஒரு வாரம் பிந்தித்தான் வந்தார். இந்தத் தடவை மனைவி லீவு எடுத்துக்கொண்டாள். எனக்கும் வயிறு வலிக்கவில்லை.

டாக்டரம்மா நாயின் வயிற்றை விரல்களால் மெதுவாகத் தடவினார்.

"சினை பிடிச்சிருக்கு. கொட்டப்பாக்கு அளவுல உருண்ட உருண்டையா தட்டுப்படுது. ஆண் நாய் எது?"

"அல்சேஷன் டாக்டரம்மா. துரை வீட்டு..." என்றேன். பழக்கதோஷத்தில் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய நாயா? இது இன்னும் வளர்ந்தே முடியல. குட்டிங்க பெருசா இருந்தா வெளிய வராது. வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கணும். அன்னைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். மலை எறங்கி ஈப்போவுக்குக் கொண்டுபோறதுக்குள்ள செத்துடலாம்."

"இப்ப என்ன செய்யலாம்?" என்றாள் மனைவி.

"இப்பவே கருப்பைய எடுத்துடலாம். உள்ள இருக்கிறதும் அதோட போயிடும். முந்தி செஞ்சிருந்தா சுலபம். இப்பவும் செய்யலாம். அடுத்த மாசம் முடியாது."

ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். நாயின் லைசென்ஸ் என் பேரில் இருந்ததால் கையெழுத்து நான் போட வேண்டும்.

நான் யோசித்தது நாயைப் பற்றி மட்டும்தான் என்று சொல்ல ஆசை. கிராணியின் முகம் வந்தது. கங்காணியின் முகம் பெரிதாக வந்தது. "சில நாய்ங்க நல்லபடியா பெத்துடும்தானே டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"சிலது பெத்துடும்" என்றார் அவர்.

மனைவியைப் பார்த்தேன். அவள் ஏதாவது ஒன்று சொன்னால் தலையாட்டிவிடலாம். அவளோ நாயின் நிற்கிற காதைப் பிடித்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்றி உருட்டிவிட்ட அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படித்தான் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்கு எனக்கு வயித்துவலி இல்ல பிள்ள" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன்.

வெளியே பெஞ்சில் இரண்டு மாடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு மாடு என் சட்டைக் காலரை முழுதாக நக்கி முடித்திருந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "மூச்சு நல்லா இருக்கு" என்றார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் மாட்டைத் தட்டிக்கொடுத்தேன். ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் பெரட்டில் நானே முன்னால் போய்ச் சொன்னேன். "குட்டி கிடையாது கங்காணி. ஆபரேஷன் செஞ்சாச்சு."

யாரோ, "ஐயையோ, பதினொன்னும் போச்சா" என்றார்.

"யாரக் கேட்டு செஞ்ச?" என்றார் கங்காணி.

"யாரையும் கேக்கல."

"ஒரு சுத்து பலன் பாக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"சொன்னீங்க. அது செடி கங்காணி. இது நாய்."

இவ்வளவு எளிய உண்மையைச் சொல்வதற்கு எனக்கு ஒரு ஆபரேஷன் தேவைப்பட்டது. கங்காணி என்னைத் தனியாக, ஆடுகூட ஏறத் தயங்குகிற ஒரு சரிவுக்கு அனுப்பினார். கடையில் தேத்தண்ணீர் பழையபடி கடைசியில் வந்தது. கிராணிக்கு மறுபடியும் என் பெயர் மறந்துவிட்டது.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். டாக்டரம்மா வர நாள் இருந்ததால், தோட்டத்து மருந்துக் கொட்டகையிலேயே பிரிக்கலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அங்கிருந்த டிரஸ்ஸர் எங்கள் எல்லோருக்கும் எல்லா நோய்க்கும் ஒரே சிவப்புத் தண்ணி கொடுப்பவர். "நான் மனுசனுக்குத்தான் பாக்குறது" என்று முறைத்தார். மனைவி சீட்டை நீட்டிக்கொண்டே நின்றாள், நகரவில்லை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நீ தலையப் பிடி" என்றார் என்னிடம்.

பிடித்தேன். நாய் அந்தப் பத்து நாளும் கஞ்சியை முகர்ந்து பார்ப்பதோடு சரி, எழுந்து நாலடி நடந்து படுத்துவிடும். அதனால் நான் கவனமில்லாமல்தான் பிடித்திருந்தேன். மூன்றாவது தையலை இழுத்தபோது திரும்பி என் கட்டைவிரலைக் கவ்வியது. விட மாட்டேன் என்கிறது. டிரஸ்ஸர் பின்னால் குதித்து அலமாரியில் மோதிக்கொண்டார்.

"வலிக்குதாய்யா?"

"இல்ல டிரஸ்ஸரய்யா, சும்மா விளையாடுது" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துண்டைத் தோளில் போட்ட நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"கடிக்கத் தெம்பு வந்துருச்சுங்க" என்றாள் டிரஸ்ஸரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "கைய இழுக்காதீங்க. இன்னும் ரெண்டு தையல் இருக்கு" என்றாள்.