டிக் டிக் நின்ற வால்வு

என் கார் என்னைவிட மூன்று வயது மூத்தது. வண்டு மாதிரி முதுகு, பின்பக்கம் இன்ஜின். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். திருவொற்றியூர்க் காற்றில் எது குளிரும் என்று யோசிக்காமல் வாங்கியவன் நான். அது வாசலை அடைத்து நிற்பதைப் பல வருடம் பொறுத்த என் மனைவி, இந்த வருடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைத்தால் வீட்டில் இருக்கட்டும், கிடைக்காவிட்டால் காயலான் கடை. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியதும் காருக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடித்து அலுத்துப்போய்த் தலையை நீட்டி, "இன்னா நைனா, எறங்கித் தள்ளட்டா?" என்றார். முதல் கியரில் ஊர்ந்து வீடு வந்து மெக்கானிக்கை அழைத்தேன். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு இன்ஜின் பார்ப்பவர். என் காரைத் தொடச் சம்மதித்த ஒரே மனிதர்.

சூடு ஆறுவதற்குள் வந்து நான்கு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜை மாட்ட, உள்ளே உட்கார்ந்த மனைவி ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். மூன்று சிலிண்டர்கள் நூறைத் தாண்டின. மூன்றாம் நம்பர் மட்டும் நாற்பது. என் ரத்த அழுத்தமே அதைப்போல நாலு மடங்கு.

"பிஸ்டன் ரிங்கா இருக்குமோ?" என்றேன், படித்தவன் என்கிற தைரியத்தில்.

"பாத்துடலாம் சார். ரிங்குன்னா ஊத்துற எண்ணெ அந்த சந்த அடைக்கும், முள்ளு ஏறும்." கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். முள் ஏறவில்லை. "வால்வுதான். டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வந்துகினு இருந்துச்சே, அது எப்போ நின்னுது?"

"தீபாவளிக்கு அப்புறம். தானாவே சரியாயிடுச்சு."

"தானா சரியாவ அது இன்னா ஜலதோஷமா?"

பிறகுதான் விளங்கியது. வால்வுக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி இருக்கும்வரைதான் அந்தச் சத்தம். வால்வு சூட்டில் நீண்டு இடைவெளியைத் தின்றுவிட்டது. சரியாக மூட முடியாமல் மாதக்கணக்கில் கருகியிருக்கிறது. அந்த மாதங்களில்தான் நான் நண்பர்களை ஏற்றிக்கொண்டு, "கேளுங்க, ஏதாவது சத்தம் வருதா?" என்று எண்ணூர் வரை பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இடைவெளியை ஆறிய இன்ஜினில்தான் திருத்த முடியும். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன், மதப் பாகுபாடு பார்க்காமல். திருத்தி முடித்து, வண்டியைச் சூடாக்கி, கேஜை மாட்டினார். நாற்பத்திரண்டு.

"ரெண்டு ஏறியிருக்கே!"

"அது என் கை நடுங்குனது சார்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும், மூணு சிலிண்டர்லயே மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துடறேனே?"

அவர் சிரிக்கவில்லை. "வால்வு தலை ஒடிஞ்சி உள்ள வுயுந்தா பிஸ்டன ஓட்ட போட்டுடும். அப்புறம் இன்ஜினே கெடையாது. இன்ஜின எறக்கித்தான் வால்வ மாத்தணும். பார்ட்டு தேடினு வரவே ஒரு மாசம் ஆவும்."

ஓட்டினால் இன்ஜின் சாகும். ஓட்டாவிட்டால் வீட்டுத் தீர்ப்பு. நான் கடைசி நம்பிக்கையாக மனைவி பக்கம் திரும்பி, "ஒரு மாசம்தானாம்" என்றேன்.

அவள் காரிலிருந்து இறங்கி, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எறக்க வேணாம்ங்க. இன்ஜினோடதான் தர்றோம்னு போன வாரமே காயலான் கடைக்காரர்கிட்ட பேசிட்டேன்."

போன வாரம் வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், கழற்றிய பிளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.