ரெட்டை ஜடை டிரெய்னி

எங்கள் ஊரைச் சுற்றிக் கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், அந்த லாரிக்கு டயரும் செய்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் மட்டும் ஊருக்குள் வராது. விடிவதற்குள் ஒன்று வந்து போகும், அடுத்தது உச்சி வெயிலில். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பெரிய அதிகாரிகளின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏசி வேன்கள் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போகும். ஒன்றாவது நிற்க வேண்டுமே!

ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான். அதற்கு மேல் மெயின் ரோட்டில் இருந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும், ஆனால் பதினொன்றாவது போய்ச் சேர்ந்தால். அதுவரைக்கும் எதில் போவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எட்டாவதில் நான்தான் வகுப்பில் முதல். அப்பா சந்தோஷத்தில் மிட்டாய் வாங்கி வந்து என் வாயில் போட்டுவிட்டு, அதே மூச்சில் படிப்பு போதும் என்றார்.

"கண்டெய்னர் ஓடற ரோட்ல பொட்டப்புள்ளைய எப்டி நடக்க வுடறது? பதினெட்டு ஆவட்டும், கம்பெனில சேத்துக்கலாம்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ரோட்டில் லாரி அடித்து ஆள் போவது புதிதல்ல. ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பேசாமல் இருந்தவளைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் போனது அத்தைக்கு. அப்பாவின் தங்கை, காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டும் கம்பெனியில் வேலை. அவளுடைய கம்பெனி பஸ் எங்கள் ஊர் ரேஷன் கடை எதிரில் நின்று ஆளேற்றிக்கொண்டு, அந்த மேல்நிலைப் பள்ளி வாசல் வழியாகத்தான் போகும். ஆனால் வேலை செய்கிறவர்களைத் தவிர ஈ காக்கை அதில் ஏறக் கூடாது.

"இன்னாண்ணா நீ, அவ்ளோ பெரிய பஸ்ல இத்துனூண்டு பொண்ணுக்கு எடமா இல்ல? நான் இட்டுகினு போய் இட்டுகினு வரேன். என் பொறுப்பு," என்று அப்பாவிடம் சவால் விட்டுவிட்டாள். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை!

பள்ளி திறந்த அன்று காலையில் அத்தை தன்னுடைய பழைய கம்பெனிக் கோட்டை என் யூனிஃபார்ம் மேல் மாட்டித் தொப்பியையும் கவிழ்த்தாள். கோட்டு கணுக்காலைத் தொட்டது. டிரைவர் அண்ணன் தெற்கத்திக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தாயி, புது ஆளா? பால்பல்லெல்லாம் விழுந்துட்டுல்லா?"

"டிரெய்னிண்ணா," என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு டிரெய்னி என்றே பெயர். ஒரு அக்கா தன் பக்கத்தில் கர்ச்சீப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள், இன்னொருத்தி பூ வைத்துவிடுவாள். மகாராணி மாதிரிதான் பள்ளிக்கூடம் போனேன்.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் மாட்டினோம். பஸ்களைக் கவனிக்கும் கம்பெனி அதிகாரி ஒருவர் வழியில் ஏறினார். கோட்டு யூனிஃபார்மை மறைத்தது, தொப்பி தலையை மறைத்தது. பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகக் கட்டச் சொன்ன ரெட்டை ஜடையும் சிவப்பு ரிப்பனும் மட்டும் தொப்பிக்குக் கீழே இரண்டு பக்கமும் கொடி பறக்கவிட்டுக்கொண்டிருந்தன.

"நீ எந்த லைன்ல வேல பாக்கற?" என்றார்.

"ஒயர் லைன் சார். ஓவர்டைமும் பாக்கறேன் சார்," என்றேன். பயந்து உளறவில்லை, ரொம்பத் தெளிவாகச் சொன்னேன். அதுதான் வினை.

மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. குழந்தையை வேலைக்கு வைத்திருப்பதாகக் கம்பெனி மாட்டிக்கொள்ளப் போகிறது என்று நடுங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் அத்தை என் கோட்டுப் பட்டனைக் கழற்றி யூனிஃபார்மைக் காட்டினாள்.

"இஸ்கூல் பொண்ணு சார். எங்க ஊருக்கு பஸ்ஸு கெடையாது சார்."

பயம் போனதும் கோபம் வந்தது அவருக்கு. வண்டியை நிறுத்தி என்னை இறங்கச் சொன்னார். நட்ட நடு ரோடு. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே அத்தை இறங்கினாள். அப்புறம் பூ வைத்துவிடும் அக்கா. அப்புறம் ஒவ்வொருத்தியாக, டிபன் டப்பாவோடு, பஸ்ஸே காலி!

"அது ஏறாம நாங்க ஏற மாட்டோம் சார். நீங்களே போய் லைன ஓட்டுங்க," என்றாள் அத்தை.

அதிகாரி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, "வண்டி சூடாயிட்டு சார், கொஞ்சம் ஆறட்டும்," என்றார்.

அதிகாரியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே கம்பெனியில் லைன் ஆளில்லாமல் நின்றது. யாரிடமோ "சார், சார்" என்று பேசிவிட்டு வந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஏறுங்க. ஆனா அந்தக் கோட்ட மட்டும் அது போடக் கூடாது."

அக்காக்கள் அடித்த விசிலில் ரோட்டோர மாடு மிரண்டு ஓடியது. அடுத்த வாரமே எங்கள் தெருவிலிருந்து இன்னும் மூன்று பெண்கள், கோட்டில்லாமல், ரிப்பன் பளபளக்க அந்த பஸ்ஸில் ஏறினார்கள். நான் அதில் போய்த்தான் பன்னிரண்டாவது முடித்தேன், காலேஜும் போனேன். இன்று அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் இன்ஜினியர்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்த பஸ்ஸில் வந்தவர்களில் ஒருத்திகூட நிரந்தரம் கிடையாது, அத்தை உட்பட எல்லோருமே காண்ட்ராக்ட். அப்படிப்பட்டவர்களை அனுப்பக் காரணம் தேவையில்லை, கடிதம் தேவையில்லை. நாளைக்கு வராதே என்று வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தெரிந்துதான் அத்தனை பேரும் படியிறங்கினார்கள். அந்த வெயிலில் நின்று, கலைந்த என் ஜடையை ஆளுக்கொன்றாகப் பின்னிக்கொண்டு சிரித்தார்கள். நானோ, கணக்குப் பரீட்சைக்கு நேரமாகிறதே, இந்த அக்காக்கள் இப்படி விளையாடிக்கொண்டிருக்கிறார்களே என்று அவர்கள் மேல் எரிச்சலாக நின்றிருந்தேன்.